பிராண்ட் இருக்கட்டும், முதலில் மீட்டரை வையுங்கள்: கார் பேட்டரி கேள்வி பதில்

போன இதழில் செல்ஃப் மோட்டார் பற்றி எழுதிவிட்டு, பேட்டரி சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். கட்டுக் கட்டாக வந்துவிட்டன. திருச்சி பாலக்கரையில் அப்பா ஆரம்பித்த பேட்டரி கடையை இப்போது நான்தான் நடத்துகிறேன் என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பேட்டரி விற்றால்தான் எனக்கு வரும்படி. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். ஏனென்றால் கீழே சில பேருக்கு "இப்போதைக்கு வாங்காதீர்கள்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

தஞ்சாவூர் வாசகர்: அம்மா, என்னுடையது பெட்ரோல் ஸ்விஃப்ட். வண்டியோடு வந்த பேட்டரிக்கு நாலு வருடம் ஆகிறது. ஒரு வாரமாகக் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது. நேற்று 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வந்தது. பக்கத்துத் தெரு மெக்கானிக் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க" என்கிறார். எது வாங்கலாம்?

காதால் கேட்டே சொல்லிவிட முடியாது சார். அந்த 'டக் டக்'குக்குப் பின்னால் பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கலாம், பேட்டரியே முடிந்திருக்கலாம், டெர்மினல் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம், வண்டி ஓடும்போது கரண்ட் கொடுக்கிற ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றாமலும் இருக்கலாம். இதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் புது பேட்டரி தீர்வு.

காசு செலவில்லாததிலிருந்து ஆரம்பிப்போம். பானெட்டைத் திறந்து, டெர்மினல்களைப் பிடித்திருக்கும் இரண்டு க்ளாம்பையும் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் தப்பு. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றி, க்ளாம்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே நன்றாகத்தான் இருக்கும். உள்வளையத்தில் கறுப்பாக, மங்கலாக ஒரு படலம் படிந்திருக்கும். கரண்ட் போகிற வழியே அதுதான். உப்புத்தாளை உருட்டி உள்ளே விட்டு, ஈயம் பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். டெர்மினலையும் அப்படியே தேயுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். துடைத்துக் காயவைத்து இறுக்கிய பிறகு மேலே லேசாக வாஸ்லின் தடவினால் போதும். புது பேட்டரி வாங்க வந்து, இதை மட்டும் செய்துகொண்டு திரும்பிப் போன வண்டிகள் எங்கள் கடையில் நிறைய.

அதற்கும் சரியாகவில்லை என்றால் மீட்டர். 300, 400 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன்னால் பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி.

காலி என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெளியே எடுத்து ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் போடச் சொல்லுங்கள். சார்ஜரைக் கழற்றி அரை நாள் சும்மா வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 12.6இல் நின்றால் பேட்டரி நல்லது, குற்றவாளி வேறு இடத்தில். தானாகவே 12.2க்கு இறங்கினால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் தேய்ந்துவிட்டன. 10.5இல் போய் உட்கார்ந்தால் யோசிக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். 12.6இல் 2.1 போனால் 10.5. அதாவது ஒரு செல் செத்துவிட்டது. எத்தனை சார்ஜ் போட்டாலும் திரும்பாது.

இன்னும் இரண்டு அளவு பாக்கி. வீட்டில் யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டபடி, 13.8லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். 13ஐத் தாண்டவே இல்லையென்றால் பெல்ட்டையும் ஆல்டர்நேட்டரையும் பார்க்க வேண்டும். 15க்கு மேலே போனால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு, பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் புது பேட்டரியும் சீக்கிரமே அதே கதிக்கு ஆளாகும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: புது மாடல்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கை வேண்டுமென்று ஏற்றி இறக்கும். அதனால் ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து முடிவு கட்டாமல் சில நிமிடம் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பேட்டரிதான் காரணம் என்று தெரிந்தால் வருத்தப்படாதீர்கள். தஞ்சாவூர் வெயிலில் நாலு வருடம் என்பது மரியாதையான வயது. சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் பொதுக் கணக்கு. நம் வண்டிகளில் பேட்டரி எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வெந்துகொண்டிருக்கிறது.

புதுக்கோட்டை வாசகி: நேரடியாகக் கேட்கிறேன் அக்கா. எக்ஸைடா, அமரானா?

நேரடியாகவே சொல்கிறேன்: எந்தப் பெட்டியில் தேதி புதிதோ அது. ஒன்றுக்கு ஓசூரில் தொழிற்சாலை, இன்னொன்றுக்குத் திருப்பதி பக்கத்தில். இரண்டுமே நமக்குத் தூரமில்லை. உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும்தான். 1859இல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே செய்துகாட்டிய அதே அடிப்படை. தகட்டின் தரத்திலும் உலோகக் கலவையிலும் வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரு கம்பெனியின் மலிவு ரகத்துக்கும் உயர்ந்த ரகத்துக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு கம்பெனிகளின் ஒரே விலை ரகங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரியது.

தேதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பேட்டரி பிரெட் பாக்கெட் மாதிரி அலமாரியில் சும்மா இருக்கும்போதே கெடுகிற சரக்கு. மாதாமாதம் கொஞ்சம் சார்ஜ் தானாக இறங்கும். தகரக் கூரை போட்ட குடோன் என்றால் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் ரொம்ப நாள் இருந்தால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் முழு சக்தி வராது. கடைக்காரரிடம் தயாரித்த மாதம், வருடம் எங்கே அச்சடித்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சில கம்பெனிகள் எழுத்தும் எண்ணும் கலந்த குறியாகப் போடும், அதைப் படித்துக்காட்டுவது கடைக்காரர் வேலை. மூன்று மாதத்துக்குள் இருந்தால் சந்தோஷமாக எடுக்கலாம். ஆறு மாதம் தாண்டியதை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். கவுன்டரிலேயே மீட்டர் வைத்துக்காட்டச் சொல்லுங்கள். 12.4க்குக் கீழே இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் கடையையே மாற்றுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: என் பழைய பேட்டரியில் 38பி20எல் என்று இருக்கிறது. கடையில் எல் இல்லை, ஆர்தான் இருக்கிறதாம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், திருப்பி வெச்சுக்கலாம்" என்கிறார். திருப்பி வைக்கலாமா?

வைக்காதீர்கள். அந்தக் குறி ஜப்பானிய முறையில் எழுதியது. முதலில் வரும் 38 ஆம்பியர் அவர் (எவ்வளவு சார்ஜ் சேமிக்கும் என்ற அளவு) இல்லை, செயல்திறனுக்கு அவர்கள் கொடுக்கிற மதிப்பெண். இந்த பேட்டரி 35 ஆம்பியர் அவர். நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொண்டு, "38 கேட்டேன், 35 கொடுத்துவிட்டார்" என்று சண்டைக்கு வருவார்கள். நடுவில் வரும் பி என்பது அகலமும் உயரமும் எந்த வகுப்பு என்பது. 20 என்பது நீளம், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். கடைசி எழுத்து, பிளஸ் எந்தப் பக்கம் என்பது.

ஆர் வைத்தால் பிளஸ் கேபிள் அந்தக் கோடிக்கு எட்டாது. எட்டுவதற்காகத் திருப்பி வைத்தால் டெர்மினல்கள் எதிர்ப்பக்கம் போய்விடும். கேபிளை இழுத்துக் கட்டினால் பானெட்டிலோ பாடியிலோ உரசும். அவசரத்தில் பிளஸ் கேபிளை மைனஸில் மாட்டிவிட்டால் மெயின் ஃப்யூஸ் போவது அதிர்ஷ்டம். ஆல்டர்நேட்டரின் டயோடும் வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியுவும் போனால் பேட்டரி விலையைப் போலப் பல மடங்கு செலவு. டின் 44, டின் 60 என்று எழுதியிருக்கும் ஐரோப்பிய வகைக்கும் இதே விதிதான். அவை உயரம் குறைவு, டெர்மினல் மேல்மட்டத்துக்குக் கீழே பதிந்திருக்கும், பெட்டியின் அடிவிளிம்பில்தான் பிடிப்பு வரும். ஜப்பானிய வகைக்கு மேலே குறுக்குப் பட்டை போட்டு இறுக்குவார்கள். ஒன்றுக்கு இன்னொன்றை வைத்தால் பேட்டரி ட்ரேயில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிற பேட்டரியின் தகடு உதிர்ந்துவிடும், ரோடு இருக்கிற லட்சணத்தில் சீக்கிரமாகவே.

இன்னொரு சின்ன விஷயம். ஜப்பானிய வகையில் மெல்லிய டெர்மினல், தடித்த டெர்மினல் என்று இரண்டு உண்டு. மெல்லியதற்குத் தடித்த க்ளாம்பை மாட்டிவிட்டு நடுவில் தகரத்தை மடித்துச் செருகுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு தகரம் உங்கள் வண்டியில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டுச் சரியான க்ளாம்பு போடுங்கள்.

சேலம் வாசகர்: 35க்குப் பதிலாக 45 ஆம்பியர் போட ஆசை. ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறேன். ஆல்டர்நேட்டர் எரிந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

எரியாது. ஆல்டர்நேட்டர் வோல்ட்டைத்தான் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். பெரிய குடம் வைத்ததற்காகக் குழாய் உடையாது, நிரம்ப நேரம் ஆகும், அவ்வளவுதான். உங்கள் பிரச்சினை இடம். பி20லிருந்து பி24க்குப் போனால் நீளம் 4 சென்டிமீட்டர் கூடும். ட்ரேயை அளந்து பாருங்கள். மேல்பட்டை சரியாக உட்கார்ந்து, பானெட் மூடும்போது பிளஸ் டெர்மினல் எதிலும் படாமல் இருந்தால் தாராளமாகப் போடலாம். சில மாடல்களின் டீசல் வண்டிக்குப் பெரிய ட்ரே உண்டு, அது உங்கள் வண்டிக்கும் பொருந்துமா என்று ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள்.

ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுப் போடுவதற்காக என்றால் 45ம் போதாது. அது இந்த வகை பேட்டரியின் வேலையே இல்லை.

பேட்டரியில் சிசிஏ என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி எவ்வளவு கரண்ட் தள்ளும் என்ற அளவு. ஊட்டி உறைபனியில்கூட நமக்கு அந்த நிலைமை வராது. வண்டி கேட்கிற அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அதற்கு மேல் காசு கொடுக்க வேண்டாம்.

சென்னை, பெரும்பாக்கம் வாசகி: அக்கா, வீட்டிலிருந்தே வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காரை எடுப்பேன். பேட்டரி அடிக்கடி உட்கார்ந்துவிடுகிறது, இரண்டாவதையும் மாற்றச் சொல்கிறார்கள். நடுவில் ஒருநாள் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுகிறேன், அப்படியும் இப்படித்தான். டேஷ்கேம் இருக்கிறது, அது காரணமாக இருக்குமா?

இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டார்ட் செய்யும்போதுதான் பேட்டரி கரைகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சின்ன பெட்ரோல் எஞ்சினை எழுப்ப 150 ஆம்பியர் போல, இரண்டு விநாடிக்குப் போகும். கூட்டினால் 0.1 ஆம்பியர் அவர்கூட வராது. ஆனால் பூட்டி நிறுத்திய வண்டியில் கடிகாரம், ரிமோட் லாக், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை சாதாரணம். அதுவே ஒரு நாளைக்கு 1.2, வாரத்துக்கு 8.4 ஆம்பியர் அவர். உங்கள் 35இல் கிட்டத்தட்டக் கால் பங்கு. டேஷ்கேமை பார்க்கிங் மோடில், அதாவது நிறுத்திய வண்டியிலும் படம் பிடிக்கிறபடி விட்டிருந்தால், 250 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு 6 ஆம்பியர் அவர். மூன்றே நாளில் பாதி பேட்டரி காலி.

அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்டால் உபயோகமில்லை. ஐட்லிங்கில் ஆல்டர்நேட்டர் கொடுப்பது குறைவு, அதில் ஏசி ஃபேன் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும். தவிர இந்த வகை பேட்டரிக்கு முதல் முக்கால்பங்கு சார்ஜ் வேகமாக ஏறும், கடைசிக் கால்பங்கு ஆமை வேகம், மணிக்கணக்கில் ஆகும். வாரம் ஒருமுறை ஓஎம்ஆரில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால்தான் ஏதோ பலன்.

அதனால் புதிது வாங்குவதற்கு முன்னால் டேஷ்கேம் ஒயரைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஃப்யூஸுக்கு மாற்றுங்கள். பார்க்கிங்கில் ப்ளக் பாயின்ட் எட்டுமானால் தானாக நின்றுவிடுகிற ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று வாங்கி மாதம் ஒரு ராத்திரி போடுங்கள். பேட்டரி விலையில் பாதிக்கும் கீழேதான் ஆகும். அதற்குப் பிறகும் உட்கார்ந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம், "மைனஸ் கேபிளில் மீட்டரை வைத்து, வண்டி தூங்குகிற வரை அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். உடனே பார்த்தால் எண் அதிகமாகத்தான் காட்டும், கதவு திறந்து மூடியதில் எல்லா மாட்யூலும் விழித்திருக்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் வரமாட்டீர்கள் என்றால் மைனஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஆனால் ரிமோட் வேலை செய்யாது, கதவுக்குச் சாவி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: சிக்னலில் தானாக அணைந்து, க்ளட்ச் மிதித்தால் எழும் வண்டி. கம்பெனி பேட்டரி விலை அதிகம். சாதாரண பேட்டரி போட்டால் ஓடுமா?

ஓடுங்க, ஆனா நிலைக்காது. அந்த வண்டிகளுக்கு வருவது இஎஃப்பி அல்லது ஏஜிஎம், அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்குவதற்கென்றே செய்த பேட்டரி வகைகள். அவிநாசி ரோட்டில் ஒரு நடை போய்வந்தால் எத்தனை சிக்னல், அத்தனை ஸ்டார்ட். அணைந்திருக்கும் நேரத்தில் விளக்கு, ஃபேன், பாட்டு எல்லாம் பேட்டரியில்தான். அந்த ஏற்ற இறக்கத்தைச் சாதாரண பேட்டரியின் தகடு தாங்காது. விலையில் மிச்சம் பிடித்ததை ஆயுளில் இழப்பீர்கள். இஎஃப்பி இருந்த இடத்தில் ஏஜிஎம் போட ஆசைப்பட்டால், விலை நன்றாகவே ஏறும், எஞ்சின் சூட்டை அது அவ்வளவாக விரும்பாது. ஜெர்மன் கார்கள் பலவற்றில் அதை டிக்கியில் வைத்திருப்பது சும்மா இல்லை. இருந்த வகையையே போடுங்கள்.

மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் என்றால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் அடியில் சின்ன லித்தியம் பேட்டரி ஒன்று தனியாக இருக்கும். நாம் பேசுவது பானெட்டுக்குள் இருப்பதைப் பற்றி. லித்தியத்தை கம்பெனி சர்வீஸ் தவிர வெளியில் யாரும் தொட வேண்டாம். பிஎம்டபிள்யூ போன்ற வண்டிகளில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது பழைய கிழட்டு பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

சிக்னலில் தானாக அணைவது கொஞ்ச நாளாக நின்றுவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி தளர்வதற்கு முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான். மைனஸ் டெர்மினலில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும், அது கணக்குப் பார்த்துவிட்டு அந்த வசதியை நிறுத்திவிடும். வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க ஜம்ப் கேபிள் போடும்போதும் கறுப்பு க்ளிப்பை அந்த டெர்மினலில் கடிக்கவிடாமல் எஞ்சின் இரும்பில் கடிக்கவிடுங்கள்.

கரூர் வாசகர்: 24+24 மாத வாரன்ட்டி என்று சொல்லி விற்றார்கள். 26ஆம் மாதம் போய்விட்டது. பாதிக்கு மேல் பணம் கேட்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?

ஏமாற்று இல்லை, யாரும் விளக்கிச் சொல்லாத கணக்கு. முதல் 24 மாதம் இலவச மாற்று. அடுத்த 24 மாதம் ப்ரோ ரேட்டா, அதாவது எவ்வளவு காலம் ஓடியதோ அதைக் கழித்துக்கொண்டு புதியதில் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியை எம்ஆர்பியில்தான் போடுவார்கள். உதாரணத்துக்கு எம்ஆர்பி 6,000, தள்ளுபடி 30 சதவீதம் என்றால் 4,200 கட்ட வேண்டும். பழைய பேட்டரியையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். அதே பேட்டரியை நீங்கள் சாதாரணமாக வந்து கேட்டால், பழையதை வாங்கிக்கொண்டு 4,700க்குக் கொடுக்கும் கடை இருக்கும். ஆக உங்கள் இரண்டாவது 24 மாதத்தின் மதிப்பு 500 ரூபாய். வாங்கும்போது முதல் எண்ணை மட்டும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 48 மாதம், 60 மாதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது கூட்டுத் தொகை.

மாற்றிக் கொடுக்கும் பேட்டரிக்குப் பொதுவாக வாரன்ட்டி முதல் பில் தேதியிலிருந்தே தொடரும், புதிதாக ஆரம்பிக்காது. மஞ்சள் போர்டு வண்டிக்குக் காலம் குறைவு. சொந்த வண்டி என்று எழுதி டாக்ஸியில் போட்டால் க்ளெய்ம் நிற்காது. பில்லையும் தேதி போட்ட கார்டையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், அந்த பில் மை மங்கி வெற்றுத்தாளாகிவிடும்.

வேலூர் வாசகர்: பேட்டரியின் மேலே பச்சைப் புள்ளி தெரிகிறது. ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

அந்தக் கண்ணாடிப் புள்ளி ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்குத் தெரியாது. பச்சை என்றால் அந்த ஒரு செல்லில் சார்ஜ் இருக்கிறது, கறுப்பு என்றால் சார்ஜ் போட வேண்டும், வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது. தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்னபடி மீட்டர் வைத்துப் பாருங்கள்.

மூடி திறக்கிற வகையாக இருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றலாம், தகடு மூழ்கி உள்ளே இருக்கும் குறி வரை. ஆர்ஓ தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எல்லாம் வேண்டாம். போர் தண்ணீர் கூடவே கூடாது. சில பேர் "கொஞ்சம் ஆசிட் விட்டா சுர்ருனு எடுக்கும்" என்பார்கள். எடுக்கும், சில வாரத்துக்கு. தகடு அரித்துப் போகும்.

பெரம்பலூர் வாசகர்: கழற்றிய கார் பேட்டரியை வீட்டு இன்வெர்ட்டரில் போடலாமா?

வேண்டாம். கார் பேட்டரியில் தகடு மெல்லியது, நிறைய இருக்கும், நொடியில் பெரிய கரண்டைத் தள்ளுவதற்காக. இன்வெர்ட்டருக்கு வேண்டியது மணிக்கணக்கில் இறங்கி ஏறுகிற தடித்த தகடு. கார் பேட்டரியைச் சில தடவை முழுக்க இறக்கினாலே கதை முடிந்தது. அதிலும் கழற்றிய பேட்டரி!

பழைய இரும்புக்காரர் கூடக் காசு தருகிறார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 35 ஆம்பியர் பேட்டரி 9, 10 கிலோ இருக்கும், பெரும்பகுதி ஈயம், அதனால் விலை உண்டு. ஆனால் வாங்கியவர் அதை எங்கே உடைத்து எங்கே உருக்குகிறார் என்று பாருங்கள். அமிலம் மண்ணில், ஈயப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மேல். 2001லிருந்தே பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு சட்டத்தில் இருக்கிறது, 2022இல் வந்த விதிகள் அதைத் தயாரிப்பாளர் தலையில் இன்னும் அழுத்தமாக வைத்திருக்கின்றன. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கழித்தார்கள் என்று பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மதுரை வாசகி: எங்களுடையது நெக்ஸான் இவி, மின்சாரக் கார். அதற்கும் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறதாமே?

இருக்கிறது அம்மா. கதவுப் பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் விழிக்கின்றன. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தாலும், இது இறங்கினால் வண்டி கண் திறக்காது. நாலாவது வருடத்திலிருந்து சர்வீஸுக்கு விடும்போது இதையும் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற ஒயர், அதாவது பெரிய பேட்டரியின் உயர் வோல்ட் லைன், இருக்கிற பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள்.

திண்டுக்கல் வாசகர்: ஆன்லைனில் வாங்கி நானே மாட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மாட்டுங்கள், கஷ்டமான வேலை இல்லை. மோதிரத்தையும் கைச்செயினையும் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரணம், மைனஸ் இணைப்பில் இருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பேனர் பாடியைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். பக்கத்தில் சிகரெட் கூடாது, சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பேட்டரியைச் சாய்க்காமல் இரண்டு கையாலும் தூக்குங்கள். ட்ரேயின் அடியில் துரு இருந்தால் தேய்த்து பெயின்ட் அடிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மேல்பட்டையை ஆடாத அளவுக்கு இறுக்கினால் போதும், பெட்டி நெளிகிற அளவுக்கு வேண்டாம்.

மாட்டிய பிறகு கடிகாரம், ரேடியோ ஸ்டேஷன் எல்லாம் அழிந்திருக்கும். சில செட்டுகள் கோட் நம்பர் கேட்கும், அது வண்டிப் புத்தகத்தில் இருக்கிறதா என்று கழற்றுவதற்கு முன்னாலேயே பார்த்து வையுங்கள். பவர் விண்டோ தானாக முழுக்க ஏறாவிட்டால், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்விட்ச்சைச் சில விநாடி பிடித்துக்கொண்டால் பெரும்பாலான வண்டிகளில் சரியாகிவிடும். ஐட்லிங் முதல் நாள் கொஞ்சம் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம்.

ஆன்லைன் பெட்டி வந்ததும் கூரியர்காரர் முன்னாலேயே திறந்து தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.